ஈரத் திரைக்கு அந்தப் பக்கம்

ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஹேலி தெருவுக்கு வந்து டார்கஸ் பிக்கர்ஸ்கில் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டாம். காது இருந்தால் போதும். கதவைத் தடாலென்று சாத்துவார்கள், படிக்கட்டில் தடதடவென்று இறங்குவார்கள், பிள்ளை அழுதால் அழட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வருகிற கௌரவமான ஜனங்கள் அந்த வாசலைத் தாண்டும்போது முகத்தைச் சுளிப்பார்கள். "வாத்தியார் வீடாம், வாத்தியார் வீடு! சந்தைக்கடை தோத்துது போ" என்பார்கள். அந்த வீட்டுக்குள் போய் யாராவது உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்று சொல்லிவிட்டால் வந்தது வினை. டார்கஸ் விருந்தாளி என்றுகூடப் பார்க்கமாட்டாள். "என் வீட்ல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

ஒரு காலத்தில் அந்தத் தெருவிலேயே அமைதியான வீடு அதுதான். அப்படி ஆக்கியவளும் அவளேதான்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் வருஷம், ஜனவரிக் கடைசி. அவளுடைய ஆறு வயது மகள் லெட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் கழுத்திலிருந்து வயிறுவரை வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து போயிற்று. டாக்டர் ஆகில்வி நாக்கைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டே "செங்காய்ச்சல்" என்றார். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். மேல்மாடி இரண்டு அறையையும் காலி செய்ய வேண்டும். தரை விரிப்பு கூடாது, ஜன்னல் துணி கூடாது. மாடிப்படி முடிகிற இடத்தில் கார்பாலிக் என்கிற கிருமிக்கொல்லி மருந்தில் நனைத்த படுக்கை விரிப்பைத் தொங்கவிட வேண்டும், அது காயவே கூடாது. பிள்ளையோடு ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். போனவர் கடைசித் தோல் உரிந்து விழுகிறவரை வெளியே வரக்கூடாது. ஆறு வாரம்.

"யார் போறது?" என்று டாக்டர் கேட்டார்.

இதில் கேட்க என்ன இருக்கிறது? டார்கஸுக்குத்தான் சின்ன வயதில் அந்தக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. அவள் புருஷன் ஏமஸ் பள்ளிக்கூட வாத்தியார். காய்ச்சல் வீட்டில் படுத்தெழுந்து வகுப்புக்குப் போனால் நாலு தெரு பிள்ளைகளுக்கும் ஒட்டிவிடும் என்று அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு அறை பார்த்துப் போனார். கீழே வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை பிரிசில்லா வந்தாள். வேலைக்காரி கெஸியா இருந்தாள். இவர்களிடம்தான் ஏழு மாதக் குழந்தை பெர்சியை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பெர்சி அன்று காலைவரை தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவன். கடைசியாக ஒருமுறை பால் கொடுக்கக்கூட நேரமில்லை, ஏற்கெனவே லெட்டியைத் தொட்டுவிட்டாள். பிரிசில்லா அவனைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். டார்கஸ் படியேறிப் போய் ஈரத் திரைக்கு அந்தப் பக்கம் மறைந்தாள்.

முதல் வாரம் நரகம். பெர்சி கீழே பசும்பாலைத் துப்பிவிட்டுக் கத்துவான், இங்கே இவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகக் கனக்கும். துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடிப்பாள். ஒவ்வொரு அழுகைக்கும் சட்டை நனையும். "ஏம்மா உன் சட்டை ஈரமா இருக்கு?" என்று லெட்டி காய்ச்சலோடு கேட்கும். "தண்ணி கொட்டிருச்சுடி" என்பாள்.

இரண்டாம் வாரம் லெட்டியின் காதில் சீழ் பிடித்தது. அந்த வலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரண்டி விழுந்தாலும் வீறிடுவாள், கெஸியாவின் மரக்கட்டைச் செருப்புச் சத்தத்துக்குத் தலையணையில் முட்டிக்கொள்வாள். டாக்டர் "சத்தமே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டார்கஸ் வீட்டை நடத்தியது ஒரு சிலேட்டுப் பலகையால். அந்த அறையிலிருந்து காகிதம்கூட வெளியே போகக்கூடாது. அதனால் தினமும் காலை பத்து மணிக்குப் பின்ஜன்னலில் சிலேட்டைப் பிடித்துக் காட்டுவாள். முற்றத்தில் பிரிசில்லா நின்று நோட்டில் எழுதிக்கொள்வாள். வியாழக்கிழமைக்கு ஆட்டுக் கழுத்துக்கறி. துணி வெளுக்கிறவளை வரவேண்டாம் என்று சொல். நிலக்கரி தீர்ந்தால் இரண்டு மூட்டை. காது சீழ் பிடித்த அன்றைக்கு எழுதியது இது: வாசல் கதவைத் தட்டுகிற இரும்பு வளையத்தில் தோல் கையுறையைக் கட்டு. வண்டிச் சத்தம் கேட்காமல் தெருவில் வைக்கோல் பரப்பச் சொல். கடிகார மணியை நிறுத்து. கெஸியா காலுறையோடு நடக்கட்டும். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதினாள்: பெர்சி அழக்கூடாது.

பிரிசில்லா அதை எழுதிக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரில் ஊசியால் குத்தி வைத்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண் அவள். அதுதான் வம்பு.

மூன்று நாளில் காது உடைந்து சீழ் வெளியேறியது. லெட்டி எழுந்து உட்கார்ந்தாள், பசி என்றாள், வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். மூன்றாம் வாரத்தில் தோல் உரியத் தொடங்கியது. காலையும் மாலையும் வெந்நீரில் குளிப்பாட்டி உடம்பெல்லாம் கார்பாலிக் எண்ணெய் தேய்க்க வேண்டும். விரல் நுனியிலிருந்து தோல் கையுறை மாதிரி கழன்று வரும். அதைப் பொறுக்கி நெருப்பில் போட வேண்டும். அந்தத் தோலில்தான் நோயே இருக்கிறது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இவ்வளவு செய்தவள் ஒன்றை மறந்தாள். சத்தம் கூடாது என்ற கட்டளையைத் திரும்ப வாங்க மறந்தாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? சிலேட்டை அன்றன்றைக்கு அழித்து எழுதுகிறவளுக்கு, கீழே சுவரில் ஒரு காகிதம் அழியாமல் தொங்குகிறது என்பது எப்படி நினைவிருக்கும்?

அந்த இரண்டு அறைகளும் அவளை மென்று தின்றன. முன்அறை ஜன்னலில் தெரு, பின்அறை ஜன்னலில் முற்றம். முன்னால் எட்டு அடி, பின்னால் ஏழு அடி. கை கார்பாலிக்கில் வெடித்து உப்புப் பட்டால் எரியும். டீயில் கார்பாலிக், ரொட்டியில் கார்பாலிக், தலைமுடியில் கார்பாலிக். லெட்டிக்கு உடம்பு தேறத் தேற அடமும் தேறியது. ஒரே பொம்மைக்கு ஒரு நாளில் பதினொரு தடவை கல்யாணம். "நீ பாதிரியார் மாதிரி பேசவே மாட்டேங்கிற" என்று அழுகை வேறு. வியாழக்கிழமை கறி என்று எழுதினால் வியாழக்கிழமை மீன் வாசனை மேலே வரும். இவள் கத்தவும் முடியாது, போய்ப் பார்க்கவும் முடியாது. பதினாலு படிக்குக் கீழே இருக்கிற அடுப்பங்கரை லண்டனைவிடத் தூரமாகப் போயிற்று.

ஏமஸ் தினம் ஐந்து மணிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் வந்து நிற்பார். தொப்பியை எடுப்பார். இவள் கையை ஆட்டுவாள். கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போவார். அவருக்காவது போக ஒரு தெரு இருக்கிறதே என்று அவர் முதுகைப் பார்த்து வயிறெரிவாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் பதினோரு மணி. பிரிசில்லா பெர்சியைச் சுற்றிப் போர்த்தி முற்றத்துக்குக் கொண்டுவந்து காட்டுவாள். முதல் வாரத்தில் அவன் கையைக் காலை உதைத்துக்கொண்டு மேலே பார்ப்பான். அப்புறம் அழுகையும் குறைந்தது. "பழகிட்டான் அண்ணி! தங்கமான பிள்ளை. போட்டா போட்ட இடம்" என்று பிரிசில்லா கிசுகிசுத்த குரலில் மேல்நோக்கிச் சொல்வாள். டார்கஸுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் குத்தவும் செய்தது. இவ்வளவு சீக்கிரமா மறந்துவிட்டான் என்று ஒரு ஆத்திரம். பால் வற்றிவிட்டது, மாரில் சுற்றிய துணியை அவிழ்த்துப் போட்டாள்.

இருபத்து மூன்றாம் நாள் பெர்சி தலையைத் தோளில் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தான். முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும். டார்கஸ் கண்ணாடியை விரலால் தட்டினாள். அவன் அசையவில்லை. "இப்பதான் தூங்கினான்" என்று பிரிசில்லா வாயசைத்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

அன்று மதியம் கெஸியா மிதியடி உதற முற்றத்துக்கு வந்தாள். கெஸியா பேசினால் நிறுத்தாத ஜாதி, ஆனால் இந்த மூன்று வாரமாக வாயில் பூட்டு. அதற்கும் டார்கஸ்தான் காரணம். மாடிக்குப் போகிற அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "என் நாத்தனாரைப் பத்தி என்கிட்ட எந்தக் கோளும் வரக்கூடாது கெஸியா. அவ சொல்றதுதான் சட்டம்." கெஸியாவுக்கு அந்த ரோஷம் இன்னும் ஆறவில்லை. அவள் மிதியடியை உதறவில்லை, மடித்துக் கீழே வைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். ஏப்ரனிலிருந்து ஒரு சின்னப் பழுப்புச் சீசாவை எடுத்து ஜன்னலை நோக்கித் தூக்கிக் காட்டினாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். ஒரு வாரத்தில் இரண்டாவது சீசா.

டார்கஸ் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தாள். அந்தச் சீசாவை எந்த இருட்டிலும் அவள் அடையாளம் சொல்வாள். அபினும் வெல்லப்பாகும் கலந்த மருந்து. எல்லாப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும், எல்லா வீட்டிலும் இருக்கும். அதைச் "சொட்டு" என்பார்கள். பல் முளைக்கிற பிள்ளைக்குச் சொட்டு, வயிற்று உப்புசத்துக்குச் சொட்டு, வெறுமனே அழுகிற பிள்ளைக்கும் சொட்டு.

டார்கஸின் வீட்டில் மட்டும் அது கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கல்யாணத்தின்போது "எங்கம்மா தையல் வேலை பாத்தாங்க" என்று ஏமஸிடம் சொல்லியிருந்தாள். வாத்தியார் குடும்பத்துக்கு அது போதுமான பதில். அவள் அம்மா தைத்தது ஒரு தலையணை உறைகூடக் கிடையாது.

அவள் ஜன்னலைத் தூக்கித் திறந்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் பெரியவர் ஒருவர் கத்தினார்.

"கெஸியா! பெர்சி எங்கே?"

கெஸியா பதில் சொல்வதற்குள் பிரிசில்லா உதட்டில் விரலோடு ஓடிவந்தாள். "உஷ்! அண்ணி! என்ன இது? பிள்ளை தூங்கறான்."

"எப்போ தூங்கினான்?"

"காலைல பால் குடிச்சதும்."

"மணி என்ன அப்போ?"

"எட்டு இருக்கும்."

பதினோரு மணிக்கு "இப்பதான்" என்று வாயசைத்தவள் இவள். இப்போது மணி ஒன்றாகப் போகிறது. "எழுப்பு அவனை."

"தூங்கற பிள்ளையை யாராச்சும் எழுப்புவாங்களா? உங்களுக்கு அறைக்குள்ளயே கிடந்து கிடந்து—"

"சொட்டு கொடுத்தியா?"

பிரிசில்லா கெஸியாவின் கையிலிருந்த சீசாவைப் பார்த்தாள். முகம் சிவந்தது. "ஆமா, கொடுத்தேன். ஊர்ல கொடுக்காததையா கொடுத்துட்டேன்? முதல்ல கால் கரண்டி கொடுத்தா தூங்கினான், அப்புறம் கேக்கல, கொஞ்சம் கூட்டினேன். அவன் அழக்கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் காட்டினீங்க? சுவத்துல இன்னும் தொங்குது, வந்து பாருங்க! வேற என்ன செய்யச் சொல்றீங்க, வாயைப் பொத்தவா?"

டார்கஸ் ஜன்னலை விட்டுப் பாய்ந்தாள். அறையைத் தாண்டி, படியின் தலைப்பில் தொங்குகிற திரைக்கு வந்து, அதைப் பற்றி விலக்கினாள். ஒரு காலை முதல் படியில் வைத்தாள். விரிப்பைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் லெட்டிக்கு எண்ணெய் தேய்த்திருந்தாள். முழங்கைவரை எண்ணெய், அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகத் தோல். மார்பிலும் மடியிலும்கூட. இந்தக் கையால் ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கினால், தூக்கத்திலிருந்து தப்பினாலும் காய்ச்சலிலிருந்து தப்பமாட்டான்.

"போகாதேம்மா, டாக்டர் திட்டுவார்" என்று பின்னாலிருந்து லெட்டி அழுதாள்.

காலை மேலே எடுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வாள், மற்றதையெல்லாம் அல்ல. ஜன்னலுக்குத் திரும்பி ஓடினாள்.

"பிரிசில்லா! அவனை முத்தத்துக்குத் தூக்கிட்டு வா. கெஸியா, நீ டாக்டர்கிட்ட ஓடு. அபின்னு சொல்லு!"

கெஸியா காலுறையோடேயே பின்வாசல் வழியாகப் பறந்தாள். பிரிசில்லா நின்ற இடத்தில் நின்றாள். "இந்தப் பனியிலயா? சளி பிடிச்சுச் செத்துப்போவான் அண்ணி! கொஞ்சம் மெதுவா பேசுங்க, பக்கத்து வீட்ல ஜன்னல் திறக்குது."

திறந்துதான் இருந்தது. வலப்பக்கத்து சட்க்ளிஃப் அம்மாள் தலையை நீட்டியிருந்தாள். பின்சந்தில் நிலக்கரிக்காரன் வண்டியை நிறுத்தியிருந்தான். டார்கஸ் எல்லாரையும் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை எடுத்து முற்றத்தில் போட்டாள்.

"எங்கம்மா தையல்காரி இல்லைடி! மில்லுக்குப் போறவங்க பிள்ளைகளைப் பாத்துக்கிட்டவ. ஒரு கட்டில்ல ஏழு பிள்ளை. ஏழுக்கும் சொட்டு. எனக்கு ஒன்பது வயசு, கரண்டி பிடிச்சவ நான்! ஒரு பிள்ளை இப்படித்தான் மூணு நாள் தங்கமா இருந்துச்சு. நாலாம் நாள் எழுந்திருக்கல. பல் முளைக்கிற ஜன்னின்னு சொல்லிப் புதைச்சோம். நான் கொடுத்தேன்டி, இந்தக் கையால! போய் என் பிள்ளையைத் தூக்கிட்டு வா!"

பிரிசில்லா ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது கையிலிருந்தது துணிமூட்டை மாதிரி தொங்கியது. தலை ஒரு பக்கம் விழுந்தது. "அண்ணி, உதடு நீலமா இருக்கு" என்றாள். கிசுகிசுப்பெல்லாம் போய், அவள் குரலும் இப்போது வீறிட்டது.

"இமையைத் தூக்கிப் பாரு. கண்மணி எப்படி இருக்கு?"

"குண்டூசித் தலை அளவுக்கு... ஐயோ அண்ணி!"

"அழாதே, அப்புறம் அழலாம். எல்லாத் துணியையும் கழட்டு. பீப்பாய்ல பனிக்கட்டியை உடை. தண்ணியைக் கையால அள்ளி நெஞ்சுல வீசு. முகத்துல வீசு. இன்னும்!"

மாசிப் பனியில், வெட்டவெளியில், அம்மணமாக ஒரு கைப்பிள்ளை. பிரிசில்லா அள்ளி அள்ளி வீசினாள். பெர்சியின் வயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது. அவ்வளவுதான்.

"கவுத்துப் பிடி. உள்ளங்காலில் அடி."

"எப்படி அண்ணி அடிப்பேன்..."

"அடின்னா அடி! செல்லமாத் தட்டாதே. உனக்கு எம்மேல எவ்வளவு கோபம் இருக்கு? இந்த வீட்டுக்கு நான் வந்ததுலேர்ந்து சேத்து வச்சிருப்பியே! அத்தனையையும் போட்டு அடி!"

பிரிசில்லா அடித்தாள். நாலு. ஐந்து. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. சட்க்ளிஃப் அம்மாள் ஜன்னலில் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேலே டார்கஸ் பாதி உடம்பு வெளியே தொங்க ஜன்னல் கட்டையைப் பிடித்திருந்தாள். பின்னால் லெட்டி பாவாடையைப் பற்றிக்கொண்டு "சத்தம் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே" என்று விசும்பிக்கொண்டிருந்தது.

எட்டாவது அடிக்கு ஒரு முனகல் வந்தது. பூனைக்குட்டி சத்தம்.

"அழறான் அண்ணி! போதுமா?"

"போதாது. விட்டா திரும்பத் தூங்கிருவான். அடி."

டாக்டர் வந்து வாங்கிக்கொள்கிறவரை பிரிசில்லா அடித்தாள், தண்ணீர் ஊற்றினாள், அடித்தாள். பிறகு சமையலறையில் கடுங்காப்பியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். கைமாற்றிக் கைமாற்றி உலுக்கிக்கொண்டே நடந்தார்கள். டார்கஸ் ஈரத் திரையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே பெர்சி அழுவான், நிற்பான். நிற்கும்போதெல்லாம் இவளுக்கு மூச்சு நிற்கும். திரும்ப அழுவான். மாலை நாலரைக்கு அவன் ஊரை ரெண்டாக்கினான். வற்றிப்போன மாரில் என்னவோ சுருக்கென்றது, ஆனால் பால் வரவில்லை.

டாக்டர் படியேறித் திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். "பொழைச்சுட்டான். பச்சத்தண்ணி யார் ஊத்தச் சொன்னது?"

"நான்தான்."

"எங்கே கத்துக்கிட்டம்மா?"

"கேட்டிருப்பீங்களே டாக்டர். தெருவே கேட்டுச்சு."

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஏமஸ் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு வந்தார், தெருவைத் தாண்டி ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றார். "ஏன் என்கிட்ட சொல்லல டார்கஸ்?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தெரியல" என்றார். அதற்கப்புறமும் தினம் வந்தார். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கவில்லை, ஜன்னலுக்குக் கீழேயே நின்று பேசிவிட்டுப் போனார்.

ஊர் சும்மா இருக்குமா? இரண்டு வீட்டுக்காரர்கள் லெட்டியோடு தங்கள் பிள்ளை இனி விளையாடக்கூடாது என்று சொல்லியனுப்பினார்கள், அதுவும் காய்ச்சலுக்காக இல்லை. சட்க்ளிஃப் அம்மாள் மட்டும் ஒருநாள் பின்முற்றத்துக்கு வந்தாள். தன் வீட்டுச் சீசாவை டார்கஸ் பார்க்கும்படி சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

பிரிசில்லா சமையலறைச் சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். மறுநாள் சிலேட்டில் டார்கஸ் ஒரே வரிதான் எழுதிக் காட்டினாள்: மணிக்கொரு தடவை அவன் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். பிரிசில்லா ஒழுங்கான பெண் என்று சொன்னேன் அல்லவா? கடிகார மணியைத் திரும்ப அடிக்கவிட்டாள். ஒவ்வொரு மணிக்கும் படிக்கட்டின் அடியில் வந்து நின்று பெர்சியின் மூக்கைத் துடைப்பாள், அவனுக்குப் பிடிக்காத தொப்பியைப் போடுவாள். அவன் கத்துவான். "கேட்டுச்சா அண்ணி?" "கேட்டுச்சு." மன்னிப்பு கேட்பதும் கொடுப்பதும் அவர்களுக்குள் வார்த்தையாக நடக்கவே இல்லை.

நாற்பத்து இரண்டாம் நாள் வந்தது. டார்கஸ் விடிந்ததிலிருந்து தலைவாரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் லெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பூதக்கண்ணாடியால் விரல் விரலாகப் பார்த்தார். வலது குதிகாலில் நிறுத்தினார். ஒரு காசு அளவுக்குத் தடித்த தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு வாரம்."

அந்த ஒரு வாரம் முந்தின ஆறு வாரத்தைவிடப் பெரிதாக இருந்தது. லெட்டி தூங்கும்போது டார்கஸ் அந்தக் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். நகத்தை ஓரத்தில் வைப்பாள். ஒரே இழுப்பு, வெளியே போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? கீழே மணி அடிக்கும், பெர்சி கத்துவான். நகத்தை எடுத்துவிடுவாள். அழுகை அழுகையாக வரும், அதையும் சத்தமாகவே அழுதாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் தோல் தானாக விழுந்தது. நெருப்பில் போட்டார்கள். கூடவே லெட்டியின் பொம்மையும் போயிற்று, பதினொரு கல்யாணமும் போயிற்று, லெட்டி போட்ட கூச்சலுக்கு யாரும் "உஷ்" என்று சொல்லவில்லை. தாயும் மகளும் கார்பாலிக் நீரில் தலைமுழுகினார்கள். கெஸியா திரைக்கு அடியில் தள்ளிய புதுத் துணியை உடுத்திக்கொண்டு டார்கஸ் பதினாலு படியையும் இறங்கினாள். கைப்பிடியை விடவே இல்லை.

அடிப்படியில் பிரிசில்லா பெர்சியை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வளர்ந்திருந்தான். இரண்டு பல். டார்கஸ் கையை நீட்டினாள்.

பெர்சி அவளை ஏற இறங்கப் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது. முகத்தைச் சட்டென்று திருப்பி அத்தையின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, யாரோ கொல்ல வந்தது மாதிரி வீறிட்டான்.

பிரிசில்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பழக்கத்தில் "உஷ், கண்ணு—" என்று ஆரம்பித்தவள், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அழ ஆரம்பித்தாள். "மறந்துட்டான் அண்ணி... என்னாலதான்..."

டார்கஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கடைசிப் படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் காட்டினாள்.

"உக்காரு" என்றாள். "அழட்டும். நான் எங்கேயும் போகல."

பெர்சி முக்கால் மணி நேரம் அழுதான். அவள் அவ்வளவு நேரமும் கிட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.